சுவரில் தொங்கிய இதயம்

அந்த ஸ்கேன் சென்டரின் காத்திருப்பு அறையில், தண்ணீர் கேனுக்கு மேலே, சுவரில் ஒரு இதயம் தொங்கியது. கறுப்பு வெள்ளைப் படம். கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே 'ஆரோக்கியமான இதயம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தால் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று மாட்டியது. வந்தவர்களில் பாதிப் பேர் அதை ஏதோ கிழங்கு என்று நினைத்தார்கள். மீதிப் பேர் செல்போனை விட்டுத் தலையே நிமிரவில்லை.

அது மெஷினோடு சேர்த்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த படம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். சென்டரின் சொந்தக்காரரான பெரிய டாக்டர் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அந்த இதயம் உள்ளே ஏசி அறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. ஸ்கேன் மெஷினை இயக்குகிற குச்சியின் இதயம் அது.

குச்சி என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். பெண்டாட்டி தவிர மற்ற எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், சின்னவர்கள் கூடவே ஓர் 'அண்ணே' சேர்த்துக்கொண்டார்கள். ஆளும் அப்படித்தான். சட்டை அவர் மேல் இருக்கும்போதும் கொடியில் தொங்குவதுபோலத்தான் தொங்கும். அறுபதை எட்டிப் பார்க்கும் வயதிலும் கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட்டை இழுத்து மாட்டிவிடுவார். நடு வயிற்றில் மட்டும் ஒரு சின்ன மேடு முளைத்திருந்தது. அதைத் தொப்பை என்று யாராவது சொல்லிவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "உட்கார்ந்தே வேலை பார்க்கறேன்ல, சட்டை மடிஞ்சு நிக்குது" என்பார்.

வேலை உட்கார்ந்து பார்ப்பதுதான். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மெஷின், மெஷினின் வாய்க்குள் ஓர் ஆள். இவர் மைக்கின் பொத்தானை அழுத்தி, "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அப்படியே இருங்க. விடுங்க" என்பார். இதைச் சொல்ல மெஷினுக்குள்ளேயே பதிவு செய்த குரல் ஒன்று உண்டு. அது என்ன மொழி பேசியது என்று கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. அது 'பிடி' என்கிறதா 'விடு' என்கிறதா என்று தெரியாமல் பலர் இரண்டையும் செய்து படத்தைக் கெடுத்தார்கள். அதனால் இவரே சொல்ல ஆரம்பித்து, அதுவே பழகி, வீட்டில் பாத்திரம் நகர்த்தக் கை கொடுக்கும்போதும் "பிடி, அப்படியே இரு, விடு" என்றுதான் வாயில் வரும்.

அந்தப் படம் வந்த கதை இதுதான். மெஷின் புதிதாக வந்து இறங்கியிருந்தது. கம்பெனி இன்ஜினியர் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டிரம் ஒன்றை உள்ளே படுக்க வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆளை வைத்துச் சோதிக்கக் கூடாது, டிரம்மை வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பெரிய டாக்டருக்குத் திறப்பு நாளன்று வருகிறவர்களிடம் காட்ட ஒரு படம் வேண்டும். டிரம்மின் படத்தைக் காட்டினால் சிரிக்க மாட்டார்களா? அவர் ஊழியர்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். கணக்குப் பார்க்கிற அம்மா தன் கைப்பையை எடுத்து வயிற்றை மறைத்துக்கொண்டார். காவலாளி, வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து போய்விட்டார். குச்சி மட்டும் நின்றார். நின்றதோடு விடாமல், "என்னை எடுங்க சார், பார்க்கிறதுக்கு நல்லா இருக்கும்" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

படம் வந்தது. பிரமாதமாக வந்தது. ரொட்டியை வெட்டுவதுபோல உடம்பைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டுகிற படங்களில், இதயத்தின் விளிம்பு பேனாவால் கோடு இழுத்ததுபோலத் தெளிவாக இருந்தது. சுற்றிலும் நல்ல கரும்பட்டை. அந்தப் பட்டைக்குள் ரத்தக்குழாய்கள் நூல் நூலாகத் தனித்துத் தெரிந்தன.

"அடேயப்பா! என்னப்பா இது, இவ்வளவு சுத்தமா வந்திருக்கு!" என்றார் பெரிய டாக்டர்.

குழாய்களில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று தேடினார். வெள்ளைப் புள்ளி என்றால் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, அடைப்பு குடியேறியிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுகூட இல்லை. அந்த நாளில் அங்கே வேறு எதையும் யாரும் தேடவில்லை. மறுநாளே படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று. "இது நீன்னு யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே. ஆளைப் படுக்க வச்சோம்னு தெரிஞ்சா வம்பு" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

குச்சியும் சென்டரில் மூச்சு விடவில்லை. வீட்டில் விடுவதை நிறுத்தவே இல்லை.

உலகத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ வைத்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்கள். பட்டம், பதவி, பிள்ளைகளின் மார்க். குச்சிக்குப் பிள்ளை இல்லை, பட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பதவி உட்கார்ந்த நாற்காலியோடு சரி. சுவரில் ஓர் இதயம் இருந்தது. அதை ஆண்டவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழ்போல அவர் வைத்துக்கொண்டார். அதன் பிறகு ரத்தப் பரிசோதனை எதற்கும் போனதில்லை. நடக்கச் சொன்னால், "நடக்க வேண்டியவங்க நடக்கட்டும்" என்பார்.

நடக்க வேண்டியவர் என்று அவர் ஜாடையாகச் சொன்னது தன் மனைவியை. அந்த அம்மா நல்ல பூசினாற்போல உடம்பு. பூசினாற்போல என்பது மரியாதைக்கு. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. மழலையர் பள்ளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. காலையிலிருந்து மாலைவரை ஒன்றைத் தூக்கி, ஒன்றைத் துரத்தி, ஒன்றின் மூக்கைத் துடைத்து, மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கிற பிழைப்பு. அந்த அம்மாவின் அப்பா ஒருநாள் ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. மாரடைப்பு. அவரும் கனத்த உடம்புக்காரர். அந்த மரணத்தைக் குச்சி பக்கத்தில் இருந்து பார்த்தார். அதிலிருந்து அவருக்கு ஒரே பயம், பெண்டாட்டியும் அப்படியே போய்விடுவாளோ என்று.

பயத்தைப் பயமாகச் சொல்ல அவருக்கு வராது. சிடுசிடுப்பாகத்தான் வரும். சாப்பாட்டு மேஜையில் வறுத்தது, பொரித்தது எது வந்தாலும் அவள் தட்டிலிருந்து எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்வார்.

"உனக்கு ஆகாது. அப்பாவை நினைச்சுக்கோ."

"உங்களுக்கு மட்டும் ஆகுமா?"

"என் இதயம் எங்க இருக்கு? சுவர்ல இருக்கு. எல்லாரும் பார்த்துட்டுப் போறாங்க."

"என்னையும் மாட்டலாம். சுவர் தாங்கணுமே" என்பாள் அவள். சண்டைக்கு வர மாட்டாள். கேக்காக இருந்தாலும் வறுவலாக இருந்தாலும் அவள் பங்கும் சேர்ந்து வருஷக்கணக்காகக் குச்சியின் வயிற்றுக்கே போனது. ஆனால் அவர் ஒரு சுற்றுகூடப் பருக்கவில்லை. தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று சொந்தக்காரர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். எங்கே போனது என்று பிறகு தெரிந்தது.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் வைக்க விட்ட இடத்தில் எல்லோரும் சைக்கிளை நிறுத்தினார்கள். மாலையில் இருவரும் பஸ் நிறுத்தத்தில் சேர்ந்து காய்கறிப் பையோடு படி ஏறுவார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில், தபால் பெட்டிகள் இருக்கிற இடத்தில், குச்சி நின்றுவிடுவார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "நீ மெதுவா வா. நான் நிக்கிறேன்" என்பார். அவளும் பின்னால் ஆடி அசைந்து வந்து, பையைக் கீழே வைத்து, புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுவாள். "பார், உடம்பைக் குறைன்னு சொன்னா கேட்கறியா" என்று இவர் ஒரு பாட்டம் பாடுவார். பாடி முடிப்பதற்குள் அவருக்கும் நெஞ்சில் ஏறிக்கொண்டிருந்த பாரம் இறங்கியிருக்கும். வாயு என்பார் அதை. சட்டைப் பையில் அதற்கு ஒரு மாத்திரை எப்போதும் உண்டு.

பெரிய டாக்டருக்கு முழங்கால் வலி வந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்தபோது, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதப் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். இளம்பெண். வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். வந்த அன்றே டீக் கோப்பையோடு தண்ணீர் கேன் பக்கம் போனவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இது யார் படம்?" என்று கேட்டார்.

"மெஷினோட வந்தது மேடம்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"இல்லையே. ஓரத்துல நம்ம சென்டர் பேர் இருக்கு, தேதி இருக்கு. அண்ணா, நீங்கதான் பழைய ஆளு. உங்களுக்குத் தெரியுமா?"

குச்சி அப்போதுதான் கைகழுவிக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு சின்னப் பெருமிதம் தானாக வந்து உட்கார்ந்தது. "யாரோ பழைய ஆளு மேடம். ஏன், ரொம்பத் தெளிவா இருக்குல்ல?"

"ரொம்பத் தெளிவா இருக்கு. அதுதான் பிரச்சினை."

டாக்டர் விரலால் கரும்பட்டையைத் தொட்டுக் காட்டினார். அவர் சொன்னது இவ்வளவுதான். இந்தக் கறுப்பு வெறும் இடம் இல்லை, கொழுப்பு. இதயத்தைச் சுற்றி எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஸ்கேனில் கொழுப்பு கறுப்பாகவும் தசை சாம்பல் நிறமாகவும் விழும். கறுப்பு அதிகமாக இருந்தால் சாம்பல் எடுப்பாகத் தெரியும். இந்தப் படத்தில் விளிம்பும் குழாய்களும் இவ்வளவு அழகாகத் தெரிகிறதென்றால், இந்த மனிதரின் இதயத்தைச் சுற்றிக் கொழுப்பு அவ்வளவு தடிமனாக அப்பியிருக்கிறது. நல்ல இதயத்தின் படம் பார்க்கக் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

"படம் அழகா இருக்குன்னு எடுத்து மாட்டியிருக்காங்க. இதயம் எப்படி இருக்குன்னு யாரும் பார்க்கல" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. "அப்போ இதையெல்லாம் அவ்வளவா அளக்க மாட்டாங்க. வெள்ளைப் புள்ளி இல்லைன்னா விட்டுடுவாங்க."

"அந்த ஆளு ஒல்லிதான் மேடம்" என்று குச்சியின் வாய் முந்திக்கொண்டது. உடனே, "ஞாபகம் இருக்கு, ஒல்லியான ஆளு" என்று பூசி மெழுகினார்.

"ஒல்லியா இருந்தா என்ன? இந்தக் கொழுப்பு தராசுல தெரியாது. வெளியே சதை போடாத சிலருக்கு உள்ளே போய்ச் சேரும். வயிறு மட்டும் கொஞ்சம் மேடா இருக்கும், அவ்வளவுதான். தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு சும்மா கிடக்கும் அண்ணா. இது அப்படி இல்ல. ரத்தக்குழாய் இதுக்குள்ளேயேதான் ஓடுது. நடுவுல சுவர் இல்லாத பக்கத்து வீடு மாதிரி. அங்க அடுப்புப் புகைஞ்சா இங்க கரி பிடிக்கும். மெல்ல மெல்லக் குழாய் கெட்டு அடைப்பு வரலாம். எல்லாருக்கும் வரும்னு இல்ல. ஆனா இவரைக் கூப்பிட்டுப் பார்க்கணும். எத்தனை வருஷம் ஆச்சு! நீங்க அவர் நம்பரைத் தேடி எடுங்க."

குச்சி தலையாட்டினார். கை சட்டைக்குக் கீழே அந்தச் சின்ன மேட்டின் மேல் போய் நின்றது. அதை உடனே எடுத்துவிட்டார்.

இங்கே ஒரு மனிதன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. "நான்தான் மேடம்" என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். குச்சிக்கு அது தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். சொல்லிவிட்டால் சுவரில் இருப்பது போய்விடும். வீட்டில் இத்தனை வருஷம் பாடிய பாட்டையெல்லாம் திரும்ப விழுங்க வேண்டும். செத்துப்போகலாம் என்று தெரிந்த பிறகும் மனுஷன் மானத்தைத்தான் முதலில் பார்க்கிறான். அந்த முட்டாள்தனத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் மறக்கிற ரகம் இல்லை. எதிரே பட்டால் கேட்பார். "அந்த ஆளு கிடைச்சாரா?"

"நம்பர் மாறிடுச்சு மேடம்."

"வீட்டு விலாசம்?"

"வீடு காலி பண்ணிட்டாராம். மகன்கூட இருக்காராம்." இல்லாத மகன் ஒருவன் அந்த நிமிஷத்தில் பிறந்தான்.

"அப்போ மகன் நம்பரை வாங்குங்க."

"மகன் வெளியூர்ல மேடம்."

"வெளியூர்ல போன் இருக்காதா அண்ணா?"

குச்சி அசடு வழியச் சிரித்தார். அளந்துவிட்ட பொய்க்கு வேலி போடுவதே ஒரு வேலையாகிவிட்டது. ஆள் இல்லாத நேரத்தில் சுவர்ப் பக்கம் போய் நின்று பார்ப்பார். முன்பு இதயத்தைப் பார்த்தவர் இப்போது கறுப்பை மட்டுமே பார்த்தார். அவள் தட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு துண்டும் அங்கே போய் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. நெஞ்சில் பாரம் ஏறியது. வாயு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் அவருக்கு வேறொரு யோசனை உதித்தது. ஈர்க்குச்சி மாதிரி இருக்கிற எனக்கே இவ்வளவு கொழுப்பு என்றால், அவளுக்கு எவ்வளவு இருக்கும்? மாமனார் குனிந்து நிமிராதது கண் முன்னால் வந்தது. தன்னைப் பற்றிச் சொல்ல வாய் வராதவர், அன்றே டாக்டரின் மேஜைக்கு எதிரே போய் நின்றார்.

"மேடம், என் வீட்டுக்காரிக்கு ஒரு ஸ்கேன் பார்க்கணும். அவங்க அப்பா மாரடைப்புல போனார். இவளுக்கும் உடம்பு கொஞ்சம்..." கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

"கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

அந்த அம்மா பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஸ்கேனுக்கு அதைக் கழற்றிக் கவுன் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்ததும், "இதுக்கா இவ்வளவு நேரம் இஸ்திரி போட்டேன்" என்று சிரித்தாள். மெஷினின் வாய்க்குள் போகும்போது, "மாட்டிக்கிட்டா இழுத்து எடுத்துடுவீங்கல்ல?" என்று கேட்டாள். குச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. பொத்தானை அழுத்தினார். "மூச்சை இழு. பிடி. அப்படியே இரு." திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

தோலுக்கு அடியில் தாராளமாக ஒரு கறுப்பு வளையம் இருந்தது. அதைத் தாண்டி உள்ளே போனால் இதயம். அதைச் சுற்றிக் கறுப்பு இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது, மெல்லிசாக ஒரு கீற்று. விளிம்பு எது, குழாய் எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் சாம்பல் நிறத்தில் குழைந்து கிடந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை எடுத்திருப்பார்.

அவர் 'விடு' என்று சொல்ல மறந்துவிட்டார். மெஷினுக்குள்ளிருந்து, "ஏங்க, விடலாமா வேண்டாமா?" என்று குரல் வந்தது.

"விடும்மா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த நிமிஷம் அவர் சந்தோஷப்பட்டார், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. தன்னைப் பற்றிய நினைப்பே இல்லாமல், முழுசாகச் சந்தோஷப்பட்டார்.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அம்மாவை உட்கார வைத்துப் பேசினார். "இதயத்தைச் சுத்தி ஒண்ணும் பயப்படுற மாதிரி இல்ல. முட்டிக்கும் சர்க்கரைக்கும் எடையைக் கொஞ்சம் குறைச்சா நல்லது. ரத்தம் ஒரு தடவை பார்த்துடுவோம். நல்லா நடமாடுறீங்க போல?"

"நடமாட்டமா? நாள் முழுக்க ஓட்டம்தான் டாக்டர். அதுங்க உட்கார விட்டாத்தானே." அந்த அம்மா முகம் மலர்ந்து கணவரைப் பார்த்தாள். பிறகு, ஒரு நல்ல செய்தி கிடைத்தவர்கள் அடுத்தவரையும் அதில் சேர்த்துக்கொள்வதுபோல, வாசல் பக்கம் கை காட்டினாள். "ஆனா இவர் அளவுக்கு வராது. இவரோடதுதானே வெளியே மாட்டி வச்சிருக்கீங்க. வீட்டுல தினமும் அந்தப் பெருமைதான்."

குச்சி திருதிருவென்று விழித்தார். டாக்டர் சத்தம் போடவில்லை, எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வெளியூர்ல இருக்கிற மகன் எப்படி இருக்கான் அண்ணா?"

"மகனா? எந்த மகன்?" என்றாள் அந்த அம்மா.

குச்சி தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் மேடம்" என்றார். இப்போது சொல்லி என்ன, குட்டு உடைந்த பிறகு எல்லோரும் அரிச்சந்திரன்தான்.

"படி ஏறினா நெஞ்சுல ஏதாவது தெரியுதா?"

"அதெல்லாம் இல்ல. வாயுதான் கொஞ்சம்..."

"ரெண்டாவது மாடித் திருப்பத்துல நின்னுடுவார்" என்றாள் மனைவி.

"அது உனக்காக நிக்கிறது! உனக்கு மூச்சு வாங்குதுன்னு!"

"எனக்கா?" அந்த அம்மாவுக்கு இன்னும் விஷயம் முழுசாக விளங்கவில்லை. ஆனால் டாக்டரின் முகத்தைப் பார்த்துக் குரல் இறங்கியது. "பிள்ளைங்களை இடுப்புல தூக்கிக்கிட்டு மாடி ஏறி இறங்கறவளுக்கு மூணு மாடி என்னங்க? உங்களுக்கு முடியல. நின்னா மானம் போகும்னு நினைப்பீங்க. நான் பின்னால மெதுவா வந்து புஸ்ஸு புஸ்ஸுன்னா உங்களுக்கு நிக்க ஒரு சாக்கு கிடைக்குமேன்னுதான் அப்படிச் செஞ்சேன். வயசாகுது, அவ்வளவுதான்னு இருந்துட்டேன். இதயத்துக்குத்தான் குறை இல்லையே, சுவர்ல மாட்டியிருக்கே. இல்லைன்னா அன்னைக்கே இழுத்துட்டு வந்திருக்க மாட்டேனா?"

கடைசி வார்த்தை உடைந்துபோயிற்று. அப்பா ஷூ மாட்டக் குனிந்தது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். குச்சிக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அவளுக்காக நிற்பதாக நினைத்த இடத்தில் எல்லாம் அவள்தான் இவருக்காக நின்றிருந்தாள், திட்டும் வாங்கிக்கொண்டு. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கத்தை அவர் அதுவரை பட்டதில்லை.

ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கிற பெரிய ஸ்கேனுக்கு மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வரச் சொன்னார் டாக்டர். குச்சி வேலைக்கு வருகிற அதே நேரத்துக்குத்தான் வந்தார். ஆனால் நாற்காலிப் பக்கம் போகவில்லை, கவுன் மாட்டிக்கொண்டு மெஷின் பக்கம் போனார்.

அந்த ஸ்கேனில் என்ன தெரிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கதையை இழுக்க எனக்கு விருப்பம் இல்லை. இதயத்தின் முன்பக்கக் குழாய் ஒன்று ஓர் இடத்தில் மயிரிழைக்குச் சுருங்கிக் கிடந்தது. வெள்ளைப் புள்ளி அப்போதும் அதிகம் இல்லை, உள்ளே மெத்தென்று படிந்திருந்த அடைப்பு. கறுப்பு எங்கே தடித்திருந்ததோ அதற்கு அடியிலேயே இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தபால் பெட்டி பக்கத்திலேயே முடிந்திருக்கும் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அங்கே குழாயை விரித்துப் பிடிக்கிற ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இப்போது காலையில் நடக்கிறார், முனகிக்கொண்டேதான் நடக்கிறார். சுவரில் இருந்த படத்தைப் பெரிய டாக்டர் கடைசிவரை எடுக்கவிடவில்லை, அவ்வளவு தெளிவான படம் வேறு கிடையாதாம். கீழே இருந்த எழுத்தை மட்டும் மாற்றினார்கள்.

ஆனால் அந்தக் காலையில் இது ஒன்றும் யாருக்கும் தெரியாது. நர்ஸ் கையில் ஊசி குத்தி மருந்துக் குழாயை மாட்டினாள். "மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும், பயப்படாதீங்க" என்றாள். குச்சியும் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! சொன்னபோதெல்லாம் அது எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை. பலகை மெல்ல உள்ளே நகர்ந்தது. தலைக்கு மேலே வெள்ளை வளையம். அங்கே ஒரு கீறல் இருந்தது, இத்தனை வருஷத்தில் அவர் பார்த்திராத கீறல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய நாற்காலியில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி நின்றாள். மெஷினுக்குள் பதிந்த குரல் பேச ஆரம்பித்தது. பழைய குரல்தான், புரியாத பாஷை. குச்சிக்கே 'பிடி'யா 'விடு'வா என்று தெரியவில்லை. மூச்சு தாறுமாறாக ஓடியது. கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்க்க நினைத்தார். அசையக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்கிறவர், அசையாமல் கிடந்தார்.

அந்தக் குரல் பட்டென்று நின்றது. மைக்கில் கரகரவென்று ஒரு சத்தம். யாரோ யாரிடமோ, "இதையா அழுத்தணும்?" என்று கேட்டது தெரிந்தது.

"ஏங்க" என்றது மைக். "மூச்சை இழுங்க."

அவர் இழுத்தார்.

"பிடிங்க. அப்படியே இருங்க."

மருந்து ஏறியது. தொண்டையிலிருந்து அடிவயிறுவரை சூடு பரவியது. பிடித்துக்கொண்டு கிடந்தார். வளையம் தலைக்கு மேலே விர்ரென்று சுற்றியது. சுற்றி நின்றது.

"இப்ப விடுங்க. மெதுவா விடுங்க" என்றாள் அவள். "நான் நிக்கிறேன்."